ரோமானியப் படைக்கு எந்தச் சிவப்பு?

கேள்வி: மேசைப் போர் விளையாட்டுக்காக 28 மி.மீ. அளவில் பிளாஸ்டிக் ரோமானியக் காலாட்படை இரண்டு பெட்டி வாங்கியிருக்கிறேன். மொத்தம் 48 பேர். கி.பி. முதல் நூற்றாண்டு வீரர்கள். பட்டைக் கவசம், வளைந்த பெரிய கேடயம். முதல் ஆளைத் தீட்டவே ஒரு ஞாயிற்றுக்கிழமை முழுக்கப் போய்விட்டது. கண்மணி வரை வைத்தேன். கையில் எடுத்துப் பார்த்தால் திருப்தியாக இருக்கிறது. மேசையில் நிறுத்திவிட்டுத் தள்ளி வந்து பார்த்தால் சிவப்பாக ஏதோ நிற்கிறது, அவ்வளவுதான். இந்த வேகத்தில் போனால் படை முடிய ஒரு வருடம் ஆகும். ரோமானியர் உடை உண்மையிலேயே சிவப்புதானா? வெள்ளை என்றும் சிலர் சொல்கிறார்கள். கேடயத்தில் என்ன சின்னம் வரைவது? பேஸ் அளவிலும் குழப்பம்: டி.பி.ஏ. விளையாடும் நண்பர் ஓர் அளவு சொல்கிறார், ஹெயில் சீசர் விளையாடுபவர் வேறு அளவு சொல்கிறார். பிரைமர் ஸ்பிரே அடித்ததில் சில உருவங்களின் மேற்பரப்பு மணல் மணலாகிவிட்டது. அவற்றைக் காப்பாற்ற முடியுமா?

— வாசகர், மதுரை

பதில்: உங்கள் கை நன்றாகத்தான் வேலை செய்திருக்கிறது. பார்வைத் தூரம்தான் தவறு. மேசைப் படையை யாரும் கண்ணருகே வைத்துப் பார்ப்பதில்லை. எதிரில் நிற்பவர் குறைந்தது மூன்றடி தள்ளி நின்று பார்க்கிறார். கொலு பார்க்க வருகிறவர் எந்தப் பொம்மையின் கண்ணையும் ஆராய்வதில்லை, படியைத்தான் பார்க்கிறார். அதுபோல இங்கே கண்ணில் படுவது வரிசை. அந்தத் தூரத்திலிருந்து மூன்று விஷயங்கள் மட்டும் தெளிவாகத் தெரியும்: கேடயங்கள், முகங்கள், அடித்தட்டு. உங்கள் உழைப்பில் பெரும்பங்கு இந்த மூன்றுக்கும் போகட்டும். மற்றவற்றுக்கு ஒரு நிறம், ஒரு வாஷ் (குழிகளில் தேங்கி நிழல் தரும் நீர்த்த நிறம்) போதும்.

உங்கள் வீரன் சிவப்புக் குவியலாகத் தெரிவதற்குக் காரணம் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது என்று நினைக்கிறேன். சிவப்பு உடைக்கு முன்னால் சிவப்புக் கேடயம் பிடித்திருப்பான். தள்ளி நின்றால் இரண்டும் ஒன்றாகக் கலந்துவிடும். இதற்கான தீர்வைப் பிறகு சொல்கிறேன். முதலில் வேலை முறை.

எட்டு எட்டாக

ஓர் ஆளை முடித்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போகாதீர்கள். எட்டுப் பேரை ஒன்றாக எடுத்துக்கொள்ளுங்கள். ரோமானியப் படையில் ஒரே கூடாரத்தில் தங்கிய குழுவுக்கும் எட்டுப் பேர்தான். அப்படிப் பத்துக் குழு சேர்ந்தால் 80 பேர் கொண்ட ஒரு செஞ்சுரி, ஆறு செஞ்சுரி சேர்ந்தால் 480 பேர் கொண்ட ஒரு கோஹார்ட். ஓர் உருவம் இருபது வீரருக்குச் சமம் என்று பழைய போர் விளையாட்டு விதிகளில் ஒரு கணக்கு உண்டு. அந்தக் கணக்கில் 24 உருவம் என்றால் சரியாக ஒரு கோஹார்ட். உங்களிடம் இருப்பது இரண்டு கோஹார்ட். மூன்று எட்டு முடிந்தால் ஒன்று தயார்.

எட்டுப் பேருக்கும் தோல் நிறம், பிறகு எட்டுப் பேருக்கும் உடை, பிறகு வார்கள் என்று நிறம் நிறமாகப் போங்கள். எட்டாவது ஆளுக்கு வரும்போது முதல் ஆள் காய்ந்திருப்பான். காத்திருக்கவும் வேண்டாம், தூரிகையை அடிக்கடி கழுவவும் வேண்டாம். பத்துக்கு மேல் வைத்துக்கொண்டால் அலுப்புத் தட்டும், கை தானாக அவசரப்படும்.

எல்லா நிறத்துக்கும் உள்ளிருந்து வெளியே என்பதுதான் வரிசை. எட்டாத இடத்தை முதலில் தீட்டுங்கள்: தோல், பிறகு உடை, கவசம், வார், கடைசியில் தலைக்கவசம். உள்ளே தீட்டும்போது வெளியே பட்டால் கவலை இல்லை, அடுத்த நிறம் மூடிவிடும். கேடயங்களை மட்டும் உடலில் ஒட்டாதீர்கள். ஐஸ்கிரீம் குச்சியில் இரட்டைப் பக்க டேப் ஒட்டி, அதன்மேல் வரிசையாகப் பதித்துத் தனியாகத் தீட்டுங்கள். ஒட்டிவிட்டால் மார்புக்கும் கேடயத்துக்கும் இடையே தூரிகை போகாது.

தூரிகை விஷயத்தில் பலர் செய்கிற தவறு, இருப்பதிலேயே மெல்லியதை வாங்குவது. மூன்று சைபர் தூரிகை தொட்டு எடுக்கும் துளி, மதுரை வெயிலில் உருவத்தைச் சேரும் முன்பே நுனியில் காய்ந்துவிடும். ஒன்றாம் எண் அல்லது இரண்டாம் எண், நுனி கூராகச் சேரும் நல்ல தூரிகை ஒன்று இருந்தால் முகம் வரை தீட்டலாம். இறுக மூடும் டப்பாவில் ஈரமான டிஷ்யூ காகிதம் விரித்து, மேலே பட்டர் பேப்பர் போட்டு, அதில் நிறம் கலந்தால் மணிக்கணக்கில் காயாது. நுனியைக் கூராக்க வாயில் வைக்கும் பழக்கம் மட்டும் வேண்டாம். சில நிறமிகள் உடம்புக்கு ஆகாதவை.

மணலாகிப் போன பிரைமர்

இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கும். ஈரக்காற்றில் அடித்தால் பூச்சு சரியாகப் படியாமல் பூத்துப்போகும். தூரத்தில் நின்று அடித்தால் துளிகள் காற்றிலேயே பாதி காய்ந்து தூளாக வந்து ஒட்டும். மழை நாளில் ஸ்பிரே வேண்டாம். காற்றில் ஈரம் குறைந்த முற்பகலில், வெளியில், முகக்கவசம் போட்டு, 20 முதல் 30 செ.மீ. தூரத்திலிருந்து, கையை நிறுத்தாமல் வீசி மெல்லிய பூச்சாக அடியுங்கள். ஒரே பூச்சில் மூட வேண்டும் என்று நினைக்க வேண்டாம். மழைக்காலம் முழுவதும் வேலை நடக்க வேண்டுமென்றால் தூரிகையால் தடவும் அக்ரிலிக் பிரைமர் இருக்கிறது. நேரம் கூடுதலாகப் பிடிக்கும், ஆனால் வானிலையைப் பார்க்க வேண்டியதில்லை.

கெட்டுப்போன உருவங்களில் மணல் லேசாக இருந்தால் பழைய பல்துலக்கியால் உலர்வாகத் தேயுங்கள், பெரும்பாலும் உதிர்ந்துவிடும். அதிகமாக இருந்தால் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் சற்று நேரம் ஊறவைத்துத் தேய்த்தெடுங்கள். பெயிண்ட் கடைத் தின்னரும் நெயில் பாலிஷ் ரிமூவரும் பக்கத்தில்கூட வரக்கூடாது. பெட்டியில் வரும் உருவங்கள் பாலிஸ்டைரீன். தின்னரிலும் ரிமூவரிலும் உள்ள அசிட்டோன் போன்ற கரைப்பான்கள் ஆளையே கரைத்துவிடும்.

பட்டைக் கவசக்காரர்களுக்குக் கறுப்பு பிரைமர்தான் வசதி. பட்டைகளுக்கு இடையே தூரிகை போகாத இடம் தானாக நிழலாக நின்றுவிடும்.

சிவப்பா, வெள்ளையா?

இரண்டுக்கும் ஆதாரம் உண்டு. முழுப் படைக்கும் ஒரே நிறச் சீருடை என்று சொல்லும் ஆதாரம்தான் கிடையாது. எகிப்தின் ஃபயூம் பகுதியில் கிடைத்த மம்மி ஓவியங்களில், படைவீரர் என்று கருதப்படுபவர்கள் வெள்ளை உடையில் இருக்கிறார்கள். சிவப்பு உடைக்கும் ஓவியச் சான்றுகள் இருக்கின்றன. ஓவியரும் ஆய்வாளருமான கிரகாம் சம்னர் இந்தச் சான்றுகளைத் திரட்டி ரோமானியப் படை உடைகள் பற்றி எழுதிய நூல்களை ஆஸ்ப்ரே பதிப்பகம் 2002 முதல் வெளியிட்டது. அவற்றைப் புரட்டினால் சாயம் ஏற்றாத கம்பளியின் வெள்ளையும் மஞ்சிட்டி வேரின் சிவப்பும் மாறி மாறி வருவதைப் பார்க்கலாம்.

வரலாறு இரண்டு வழியையும் திறந்து வைத்திருக்கும்போது மூன்றடித் தூரம் முடிவு செய்யட்டும். கேடயம் சிவப்பு என்றால் உடையை மங்கிய வெள்ளையாக்குங்கள். உடை சிவப்பாகத்தான் வேண்டும் என்று மனம் சொன்னால் கேடயத்தைக் கருநீலமோ காவியோ ஆக்குங்கள். சிவப்பின்மேல் சிவப்பு மட்டும் வேண்டாம். இரண்டு கோஹார்ட் வைத்திருக்கும் உங்களுக்கு இன்னொரு வசதியும் உண்டு: இரண்டுக்கும் ஒரே உடை நிறம் கொடுத்து, கேடய நிறத்தை மட்டும் மாற்றினால், எந்த உருவம் எந்த அணி என்று விளையாட்டின் நடுவில் தேட வேண்டியிருக்காது.

ஒரே அணிக்குள்ளும் ஒரே சிவப்பு வேண்டாம். வேர்ச் சாயம் ஒவ்வொரு தொட்டியிலும் ஒவ்வொரு விதமாக ஏறும்; வெயிலிலும் துவைப்பிலும் செங்கல் நிறத்துக்கு இறங்கும். அதனால் ஒரு கிண்ணத்தில் அடிச் சிவப்பு, ஒன்றில் சிறிது பழுப்பு சேர்த்த சிவப்பு, ஒன்றில் சிறிது காவி சேர்த்த சிவப்பு என்று மூன்று கலவை செய்து, எட்டுப் பேருக்குள் கலந்து கொடுங்கள். கிட்டத்தில் மூன்று நிறமாகத் தெரிவது, தூரத்தில் ஒரே நிறமாக, ஆனால் உயிரோடு தெரியும்.

சிவப்பின் மேடுகளை வெளுப்பாக்க வெள்ளை சேர்த்தால் ரோஜா நிறம் வந்துவிடும். ஆரஞ்சோ தோல் நிறமோ சேர்க்க வேண்டும். நிழலுக்குக் கறுப்பு கலந்தால் செத்துப்போகும். அடர்பழுப்பு வாஷ்தான் சிவப்புக்குப் பொருந்தும். வெள்ளை உடைக்கு நேர்மாறான வழி: முதலில் சந்தன நிறம் முழுக்கத் தடவி, மடிப்புகளை விட்டுவிட்டு மேட்டில் மட்டும் மங்கிய வெள்ளையை வையுங்கள். தூய வெள்ளை தோள்பட்டையிலும் முழங்கால் விளிம்பிலும் ஒரு கோடு மட்டும்.

இரும்பும் முகமும்

பட்டைக் கவசத்துக்கு எஃகு நிறம், அதன்மேல் கறுப்பு வாஷ், காய்ந்ததும் ஒவ்வொரு பட்டையின் மேல் விளிம்பிலும் பளிச்சென்ற வெள்ளிக் கோடு. தோள் பட்டைகளில் இந்தக் கோடு அழுத்தமாகவும் வயிற்றுப் பட்டைகளில் மெலிதாகவும் இருந்தால், வெளிச்சம் மேலிருந்து விழுவதுபோலத் தெரியும். இந்தக் கவசத்தின் அமைப்பு தெளிவாகப் புரிந்ததற்குக் காரணம் 1964இல் இங்கிலாந்தின் கார்பிரிட்ஜில் ஒரு பெட்டிக்குள் கிடைத்த புதையல். பட்டைகளை உள்பக்கமாகத் தோல் வார்கள் பிணைத்திருந்தன; கீல்களும் கொக்கிகளும் பித்தளை. ஆகவே வெளியே தெரியாத தோல் வாரைத் தேடித் தீட்ட வேண்டாம். நெஞ்சுக் கொக்கியிலும் தோள் கீலிலும் பித்தளைப் புள்ளி வைத்தால் முடிந்தது.

எல்லோருக்கும் பட்டைக் கவசம் இருக்க வேண்டும் என்பதும் இல்லை. கி.பி. 113இல் திறக்கப்பட்ட டிராஜன் தூணில் லெஜியன் எனும் முதன்மைப் படையின் வீரர்கள் பட்டைக் கவசத்திலும் துணைப்படையினர் சங்கிலிக் கவசத்திலும் இருக்கிறார்கள். பார்க்கிறவருக்கு அடையாளம் தெரியச் சிற்பி வகுத்த ஒழுங்கு அது. அந்தத் தூண் காட்டும் அதே டேசியப் போர்களின் நினைவாக ருமேனியாவின் ஆடம்கிளிசியில் கி.பி. 109இல் எழுந்த நினைவுச் சின்னத்தில் லெஜியன் வீரர்களே சங்கிலிக் கவசமும் செதில் கவசமும் போட்டிருக்கிறார்கள். உங்கள் பெட்டியில் அப்படிப்பட்ட உடல்கள் சில இருந்தால் தயங்காமல் வரிசைக்குள் கலந்துவிடுங்கள். சங்கிலிக் கவசம்தான் தீட்ட மிக எளிது: கறுப்பின்மேல் வெள்ளியை உலர்தூரிகையால் (நிறத்தின் பெரும்பகுதியைத் துடைத்துவிட்ட தூரிகையால்) இழுத்தால் வளையங்கள் தானாக எழும். தலைக்கவசத்திலும் சில இரும்பு, சில வெண்கலம் என்று கலக்கலாம்.

முகத்துக்கு வருவோம். கண்மணியை விட்டுவிடுங்கள். தோல் நிறம், அதன்மேல் செம்பழுப்பு வாஷ், காய்ந்ததும் மூக்கு நுனி, இரண்டு கன்னம், தாடை ஆகியவற்றில் வெளிர்த் தோல் நிறத்தில் ஒரு தொடுதல். வாஷ் தேங்கிய கண்குழியே தூரத்தில் கண்ணாகத் தெரியும். அதே வெளிர் நிறத்தை விரல் முட்டிகளிலும் முழங்காலிலும் வைத்துவிடுங்கள். வீரர்கள் இத்தாலி, ஹிஸ்பானியா, தெற்குக் கோல் என்று பல இடங்களிலிருந்து வந்தவர்கள். கிழக்கு மாகாணப் படைகளில் அந்தப் பகுதி ஆட்களும் சேர்ந்தார்கள். எட்டுப் பேருக்கும் ஒரே தோல் நிறம் கொடுக்க வேண்டிய அவசியமே இல்லை.

கேடயம்: பாதி வேலை இங்கே

உங்கள் உருவத்தின் முன்புறத்தில் பாதியை அடைத்துக்கொண்டு நிற்பது கேடயம்தான். ஆனால் முதல் நூற்றாண்டு லெஜியனின் வளைந்த செவ்வகக் கேடயம் நிறத்தோடு நமக்குக் கிடைக்கவில்லை. அந்த வடிவில் கிட்டத்தட்ட முழுமையாகக் கிடைத்த ஒன்று சிரியாவின் டூரா யூரோபாஸ் அகழாய்வில் வெளிவந்தது; இப்போது யேல் பல்கலைக்கழகக் கலைக்கூடத்தில் இருக்கிறது. சிவப்புத் தளத்தில் கழுகு, சிங்கம், சிறகுள்ள வெற்றித் தேவதைகள். ஆனால் அது மூன்றாம் நூற்றாண்டுக் கேடயம். உங்கள் வீரர்களுக்குச் சுமார் இரண்டு நூற்றாண்டு பிந்தியது. முதல் நூற்றாண்டின் இறுதிக்கு நெருங்கிய வடிவங்களுக்கு டிராஜன் தூணில் உள்ள சிறகுகளும் இடிமின்னல் கற்றைகளும்தான் வழிகாட்டி. வடிவம் அங்கிருந்து வரும், நிறம் உங்களுடையது.

சின்னம் அணிக்கு அணி மாறியது என்பதற்கு நல்ல சாட்சி இருக்கிறது. கி.பி. 69இல் உள்நாட்டுப் போரின்போது கிரெமோனா அருகே இரவில் நடந்த சண்டையில், விட்டெல்லியஸ் தரப்பின் பெரிய கல்லெறி பொறி ஒன்று எதிரணியை நசுக்கிக்கொண்டிருந்தது. வெஸ்பாசியன் தரப்பு வீரர்கள் இருவர், செத்துக் கிடந்தவர்களின் கேடயங்களை எடுத்துப் பிடித்துக்கொண்டு, யாருக்கும் சந்தேகம் வராமல் பொறியை நெருங்கி அதன் கயிறுகளை அறுத்துவிட்டார்கள். அங்கேயே கொல்லப்பட்டார்கள், அவர்கள் பெயர் தெரியவில்லை என்று ரோமானிய வரலாற்றாசிரியர் டாசிட்டஸ் எழுதுகிறார். கேடயத்தைப் பார்த்தே நம் ஆள், எதிரி ஆள் என்று பிரித்தறிந்தார்கள் என்பது இதிலிருந்து தெரிகிறது. பிற்கால ரோமானிய எழுத்தாளரான வெஜீஷியஸ், கோஹார்ட்டுக்குக் கோஹார்ட் கேடயச் சின்னம் வேறு என்கிறார். எனவே ஒரு கோஹார்ட்டுக்குள் ஒரே வடிவம், அடுத்ததற்கு வேறு நிறமோ வடிவமோ என்பது வரலாற்றுக்கும் ஒத்துவரும், விளையாட்டுக்கும் ஒத்துவரும்.

24 கேடயத்தில் ஒரே சிறகைக் கையால் வரைவது பொறுமையைச் சோதிக்கும். லிட்டில் பிக் மென் ஸ்டுடியோஸ் போன்றவர்கள் குறிப்பிட்ட நிறுவனங்களின் கேடய அளவுக்கே அச்சிட்ட ஒட்டுச் சின்னங்களை விற்கிறார்கள். அவற்றுக்குக் கேடயம் வெள்ளையாக இருக்க வேண்டும். கீழே கருமை இருந்தால் நிறம் மங்கிவிடும். படலத்தை உரித்து, முகம் கேடயத்தில் படும்படி அழுத்தி, பின்தாளை ஈரமாக்கினால் தாள் நழுவி வந்துவிடும். ஒட்டியபின் விட்டுவிடாதீர்கள், முக்கியமான வேலை அதன்பிறகுதான் இருக்கிறது. விளிம்பைச் சுற்றிப் பித்தளை நிறம், நடுக் குமிழுக்கு இரும்பு அல்லது பித்தளை, ஒட்டியதன் தளநிறத்திலேயே ஓரத்தைத் தொட்டுச் சரிசெய்தல், கீழ்ப்பாதியில் மெல்லிய பழுப்பு வாஷ். இவ்வளவு செய்தால்தான் ஒட்டியது என்று தெரியாது. உள்பக்கத்துக்கு மர நிறமும் ஒரு வாஷும் போதும்.

கையால்தான் வரைவேன் என்றால் வடிவத்தைச் சுருக்குங்கள். குமிழிலிருந்து மேலும் கீழும் ஒரு மஞ்சள் மின்னல் கோடு, பக்கத்துக்கு ஒரு வளைந்த சிறகு. முதலில் அடர்காவியில் வரைந்து, அதற்குள் சற்றுக் குறுகலாக மஞ்சளை வைத்தால் ஓரம் தானாகத் தீர்ந்துவிடும். எதுவுமே வேண்டாம் என்றால் அதற்கும் வரலாற்றில் இடம் இருக்கிறது. கி.மு. 57இல் சாபிஸ் ஆற்றங்கரையில் எதிரி திடீரெனப் பாய்ந்ததில், கேடயத்தின் தோலுறையைக் கழற்றக்கூட வீரர்களுக்கு நேரம் இல்லை என்று சீசர் எழுதுகிறார். உறையிட்ட கேடயத்தோடு ஓர் அணியைப் பழுப்பில் முடித்துவிடலாம்.

கொடிக்காரருக்கும் செஞ்சூரியனுக்கும் சலுகை உண்டு

வரிசை வீரனுக்குக் கொடுக்காத நேரத்தைத் தலைமைக் குழுவுக்குக் கொடுங்கள். பார்வை அங்கேதான் நிற்கும். கழுகுச் சின்னக்காரர், கொடிக்காரர், ஊதுகொம்புக்காரர், செஞ்சுரியின் தலைவரான செஞ்சூரியன் ஆகிய நால்வரை மட்டும் உங்கள் முதல் ஞாயிற்றுக்கிழமை வேகத்திலேயே தீட்டலாம், கண்மணி உட்பட. செஞ்சூரியனின் தலைச் சூட்டு காதிலிருந்து காதுக்குக் குறுக்காக நிற்கும். அவர் வாள் இடது இடுப்பில் தொங்கும். சாதாரண வீரனுக்கு வலது இடுப்பில். வாள் தனித் துண்டாக வந்திருந்தால் ஒட்டும்போது பக்கத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். கொடிக்காரரின் விலங்குத் தோலுக்கு வெளிர்ப்பழுப்பு, அடர்பழுப்பு வாஷ், மறுபடி வெளிர் நிறத்தில் உலர்தூரிகை என்று மூன்றே படி.

லெஜியனின் அடையாள மிருகத்தைக் காட்ட விரும்பினால் கேடயத்தைவிடத் துணிக்கொடிதான் ஏற்ற இடம். யூதேயாவில் போரிட்ட பத்தாம் ஃபிரெடென்சிஸ் லெஜியனின் ஓட்டு முத்திரைகளில் காட்டுப்பன்றியும் கப்பலும் வருகின்றன. கொடியின் நிறத்துக்கு எகிப்திலிருந்து வந்து மாஸ்கோவின் புஷ்கின் அருங்காட்சியகத்தில் இருக்கும் ஒரு கொடித் துணியைப் பார்க்கலாம்: சிவப்புத் தளம், உருண்டைமேல் நிற்கும் வெற்றித் தேவதை.

பேஸ்: எந்த அளவு?

நண்பர்கள் இருவரும் சரியாகத்தான் சொல்கிறார்கள். டி.பி.ஏ.யில் 28 மி.மீ. உருவங்களுக்கு முகப்பு 60 மி.மீ.; கனத்த காலாட்படை நான்கு பேர் ஒரு தட்டில், தட்டின் ஆழம் 20 மி.மீ. ஹெயில் சீசர் இந்த அளவுக்குக் கறார் இல்லை. இரு தரப்பு அணிகளின் முகப்பு நீளமும் ஒத்திருந்தால் விளையாட்டு நடக்கும். ஆகவே முகப்பை டி.பி.ஏ.விடமிருந்து எடுத்துக்கொள்ளுங்கள்: 60 மி.மீ., நான்கு பேர். ஒரு கோஹார்ட்டுக்கு ஆறு தட்டு, தட்டுக்கு ஒரு செஞ்சுரி என்று கணக்கும் அழகாக உட்காரும். டி.பி.ஏ.க்குத் தட்டுகள் தனித்தனியாக நகரும். ஹெயில் சீசருக்கு மூன்று முன்னால், மூன்று பின்னால் நிறுத்தினால் 180 மி.மீ. முகப்பில் இரண்டு வரிசை அணி.

ஆழத்தை 30 மி.மீ. ஆக்கச் சொல்வேன். இன்றைய பிளாஸ்டிக் உருவங்கள் கால் அகட்டி நிற்பவை. எறியீட்டியை ஓங்கியவன் 20 மி.மீ.க்குள் அடங்க மாட்டான். போட்டிக்குப் போகும்போது மட்டும் ஆழம் பற்றி முன்கூட்டிக் கேட்டுக்கொள்ளுங்கள். ஆளை ஒவ்வொருவராக அகற்றும் விதிகளுக்கு இந்த ஏற்பாடு சரிவராது. அதற்குத் தனி வட்டத் தட்டும் அவற்றைச் செருகும் தட்டும் வேண்டும்.

தட்டுக்கு 2 அல்லது 3 மி.மீ. எம்.டி.எஃப். பலகை. லேசர் கட்டிங் செய்யும் கடையில் அளவு கொடுத்தால் ஒரே சீராக வெட்டித் தருவார்கள். ஒட்டும் முன் நான்கு பேரையும் தட்டில் வெறுமனே நிறுத்தி, பின்வரிசைத் தட்டையும் வைத்துப் பாருங்கள். முன்னால் நிற்பவனின் முழங்கையும் பின்னால் நிற்பவனின் ஈட்டியும் மோதும். ஓங்கிய கைகளை முன்வரிசைக்கும் நிமிர்ந்து நிற்பவர்களைப் பின்வரிசைக்கும் ஒதுக்கி, தட்டின் அடியில் வரிசை எண் எழுதிவிடுங்கள்.

மண்

தட்டுதான் 48 பேரை ஒரே படையாக்கும். ஆட்களின் நிறத்தில் ஆயிரம் வித்தியாசம் இருந்தாலும், காலடி மண் ஒன்றாக இருந்தால் படை ஒன்றாகத் தெரியும். அதனால் இதற்கான கலவையை முதல் நாளே முடிவு செய்து, எந்தப் பாட்டில், எந்த வரிசை என்று எழுதி வையுங்கள். ஆறு மாதம் கழித்துச் சேரும் குதிரைப்படைக்கும் அதே மண்தான்.

முதலில் உருவத்தின் சொந்தப் பிளாஸ்டிக் பாதத் தட்டு தெரியாதபடி சுற்றிலும் பட்டி பூசிச் சரிவாக்குங்கள். பிறகு ஃபெவிகாலைத் தண்ணீரில் சிறிது இளக்கித் தடவி, சலித்த மணலைத் தூவுங்கள். சலிப்பது முக்கியம். 28 மி.மீ. அளவில் ஒரு மில்லிமீட்டர் என்பது நிஜத்தில் ஏறக்குறைய ஆறு சென்டிமீட்டர். மூன்று மில்லிமீட்டர்க் கல் விழுந்தால் வீரன் காலடியில் ஒரு சாணுக்குச் சற்றுக் குறைவான பாறை கிடப்பதாக அர்த்தம். அப்படி ஒன்றிரண்டு அழகு. தட்டு முழுக்க இருந்தால் படை கல்குவாரியில் நிற்கும். கடல் மணல் என்றால் உப்புப் போகக் கழுவிக் காயவையுங்கள்.

காய்ந்ததும் அடர்பழுப்பு முழுக்க. அடுத்து அகலமான பழைய தூரிகையில் வெளிர்ப்பழுப்பை எடுத்து, துணியில் பெரும்பகுதியைத் துடைத்துவிட்டு, மணலின் மேட்டில் மட்டும் இழுங்கள். கடைசியில் தந்த நிறத்தை மிக லேசாக. இந்த வேலைக்கு விலை உயர்ந்த மினியேச்சர் பெயிண்ட் தேவையில்லை, கைவினைப் பொருள் கடை அக்ரிலிக்கே போதும். விலை உயர்ந்ததை முகத்துக்கும் உடைக்கும் வைத்துக்கொள்ளுங்கள்.

எந்த மண் என்பது உங்கள் படை எங்கே போரிடுகிறது என்பதைப் பொறுத்தது. கி.பி. 66 முதல் 73 வரை நடந்த யூதப் போர் என்றால் வெளிர்க்காவியும் சுண்ணாம்புக் கல்லும், புல் அரிதாக. கி.பி. 43இல் பிரிட்டனில் இறங்கிய படை என்றால் கரும்பழுப்பும் பச்சையும். தயக்கம் இருந்தால் வெளிர் மண்ணைத் தேர்ந்தெடுங்கள். சிவப்பு உடையும் இரும்புக் கவசமும் அதன்மேல் எடுப்பாக நிற்கும். புல்லைத் தட்டு முழுக்க நிரப்பாமல், மூன்றில் ஒரு பங்காவது மண் தெரிய விடுங்கள். தட்டின் ஓரத்தை எல்லாத் தட்டுக்கும் ஒரே நிறத்தில் முடியுங்கள், எம்.டி.எஃப். வெட்டு வெளியே தெரிந்தால் மேலே செய்த வேலை முழுவதும் அரைகுறையாகத் தெரியும்.

பூச்சும் பெட்டியும்

விளையாட்டில் கை படும் உருவங்கள் என்பதால் வார்னிஷ் கட்டாயம். தூரிகையில் ஒரு கை பளபளப்பு வார்னிஷ், அது காய்ந்தபின் மேலே ஒரு கை மேட் வார்னிஷ். முதலாவது பாதுகாப்புக்கு, இரண்டாவது கண்ணுக்கு. புல்லை எல்லாவற்றுக்கும் கடைசியில் ஒட்டுங்கள். வார்னிஷ் பட்டால் விறைத்துப்போகும். ஈரக்காற்றில் மேட் ஸ்பிரே அடித்தால் வெள்ளையாகப் பூத்துவிடும், பிரைமருக்குச் சொன்னதே இதற்கும். உலோகத்தை மட்டும் மந்தமாக விட வேண்டாம்: மேட் காய்ந்தபின் தலைக்கவசத்திலும் கேடயக் குமிழிலும் வெள்ளியை இன்னொரு முறை தொட்டுவிடுங்கள். தட்டின் அடியில் காந்தத் தாள் ஒட்டி, தகரப் பெட்டியில் நிறுத்தினால் பேருந்துப் பயணத்திலும் ஈட்டி உடையாது.

கடைசியாக ஒரு வரிசைமுறை. நீங்கள் தீட்டிய முதல் ஆளை மாற்ற வேண்டாம், செஞ்சூரியனுக்குப் பக்கத்தில் நிறுத்திவிடுங்கள். இன்னும் ஏழு பேரை எடுத்து, கேடயம், மண், வார்னிஷ் வரை இரண்டு தட்டுகளை முழுசாக முடியுங்கள். அதுவரை மற்ற நாற்பது பேரும் பெட்டியிலேயே இருக்கட்டும். அந்த இரண்டு தட்டையும் மேசையின் மறுகோடியில் வைத்து மூன்றடி தள்ளி நின்று பாருங்கள். ஏதாவது பிடிக்கவில்லை என்றால் நிறத்தையோ மண்ணையோ இப்போது மாற்றினால் எட்டுப் பேரோடு போகும். பிறகு மாற்றினால் 48 பேர். இரண்டு கோஹார்ட்டும் முடிந்தபின் மூன்றாவது பெட்டியாக இன்னொரு லெஜியனை வாங்காதீர்கள், துணைப்படையை வாங்குங்கள். மான்ஸ் கிரௌபியஸ் போரில் ரோமானியத் தளபதி அக்ரிகோலா லெஜியன்களைப் பின்னால் நிறுத்திவிட்டுத் துணைப்படையைத்தான் முன்னால் அனுப்பினார். சங்கிலிக் கவசமும் தட்டையான நீள்வட்டக் கேடயமும் கொண்ட அவர்களைத் தீட்ட, பட்டைக் கவசக்காரர்களுக்கு ஆகும் நேரத்தில் பாதிதான் ஆகும்.